மட்டம் பாத்தியா?

ஆனைமலைக்குப் பக்கத்துல ஒரு சின்ன மடத்துக்குச் சோறு பொங்குறவ நான். பேரு ரங்கநாயகி. ஞானம் கீனம் எனக்குத் தெரியாது, உப்பு உறைப்பு தெரியும். மடத்துல ஒரு சாமி, அவருக்கு ஒரு சீடர். ரெண்டு பேருக்கும் அம்பது தாண்டிருச்சு. சாமி ஒரு காலத்துல வால்பாறையில எஸ்டேட் லாரி ஓட்டினவரு. சீடர் சென்னியப்பண்ணன் உடுமலையில ஜவுளிக்கடையில துணி அளந்து கிழிச்சவரு.

மடத்துக்கு ஒரு பழைய கார் இருந்துச்சு. ஊட்டியில ஓடின வண்டி. ஒரு மில்காரரு தானமாக் கொடுத்தாரு. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. நாங்களும் பாக்கலை. காலையில ரேடியேட்டர்ல ஊத்தின தண்ணி சாயங்காலம் இருக்காது. கீழ ஒரு சொட்டு ஒழுகினதும் கிடையாது. பின்னால குழாயில மட்டும் வெள்ளைப் புகையா வரும்.

ஒருநாள் சாமி அண்ணனை ஆயில் மூடியைக் கழட்டிப் பாக்கச் சொன்னாரு. மூடிக்கு அடியில பால் கலந்த காப்பியாட்டம் அப்பிக்கிட்டிருந்துச்சு.

“ஹெட் கேஸ்கட் போயிருச்சு,” ன்னாரு சாமி. “தண்ணி எண்ணெயில கலக்குது.”

“பட்டறையில விட்டுரலாமுங்களா சாமி?”

“நீயே பண்ணு.”

சென்னியப்பண்ணன் பண்ணினாரு. சாமி பக்கத்துல ஒரு சாக்கை விரிச்சு உக்காந்துக்கிட்டாரு, அவ்வளவுதான். ஸ்பேனரைத் தொடலை. மடத்துக்கு வந்த நாள்ல இருந்து அவரு ஸ்டியரிங்கையும் தொட்டதில்லை. வாயால மட்டும் சொல்லுவாரு.

“சூடா இருக்கறப்பத் தொடாதே. ஆறட்டும்.”

“போல்டை ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமாத் தளத்து. திரும்ப மாட்டறப்ப நடுவுல இருந்து ஆரம்பி. ஒண்ணையே பிடிச்சு இறுக்கிராதே, எல்லாத்தையும் ஒருசுத்து வா, அப்புறம் இன்னொரு சுத்து வா.”

ஹோஸைக் கழட்டி, அழுக்குத் தண்ணியை வடிச்சு, இஞ்சின் மேல மூடின மாதிரி இருக்கிற அந்தக் கனத்த இரும்பைத் தூக்கிக் கீழ வெக்கவே அண்ணனுக்கு நாலு நாள் ஆச்சு. அதைத்தான் ஹெட்டுங்கிறாங்க. அதுக்கும் இஞ்சினுக்கும் நடுவுல அப்பளத்தாட்டம் ஒரு தகடு கருகிக் கிடந்துச்சு. கேஸ்கட்டு அதுதானாம். இத்தனூண்டு தகடு பண்ணின கூத்தா இவ்வளவும்னு நான் கேட்டேன். சாமி சிரிச்சாரு.

“சூடேறின ஹெட்டு கோணியிருக்கும்,” ன்னாரு. “லேத்துப் பட்டறைக்குக் கொண்டு போயி மட்டம் பாத்துட்டு வா. கோணல் இருந்தா சீவித் தருவாங்க. அதைப் பாக்காமப் புது கேஸ்கட் போட்டா வீண்.”

மறுநாள் நான் காய் வாங்கிட்டு வர்றப்ப அண்ணன் ஹெட்டை மாட்டி முடிச்சிருந்தாரு.

சாமி கேட்டாரு: “மட்டம் பாத்தியா?”

“பாத்துட்டேனுங்க. கண்ணுக்கு நேராத்தான் இருக்கு.”

“லேத்துல?”

“முப்பது வருசம் துணி அளந்த கண்ணு சாமி. மயிரிழை கோணினாலும் காட்டிக் கொடுத்துரும்.”

சாமி அவரு முகத்தையே பாத்தாரு. அப்புறம் எந்திரிச்சுப் போயிட்டாரு.

வண்டி கிளம்புச்சு. கோயில் வரைக்கும் போயிட்டு வந்துச்சு. புகையும் இல்லை, சூடும் இல்லை. அண்ணனுக்கு நிலைகொள்ளலை. எனக்கும் சந்தோசம்தான். வண்டிக்குள்ள, ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல ஒரு குமிழ் நீட்டிக்கிட்டிருந்துச்சு. அது எதுக்குன்னு எனக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது, ஒருநாளும் திருகினதும் இல்லை. விபூதிப் பையைத் தொங்கவிட வாட்டமா இருந்துச்சு. மாட்டிவிட்டேன்.

அடுத்த வாரத்துல ஒருநாள் விடிகாலையில என் போன் அடிச்சுது. சாமிகிட்ட போன் கிடையாது.

“நான் செல்வக்கனி பேசுறேன், வால்பாறையில இருந்து. அம்மாவுக்கு ரொம்ப முடியலை. அவரை ஒருதடவை பாக்கணுமாம். வர்றதா இருந்தா இப்பவே வரச் சொல்லுங்க.”

அவருன்னா எவருன்னு அந்தப் புள்ளை சொல்லலை. சொல்ல வேண்டியதும் இல்லை. இருபது வருசத்துக்கு முன்னாடி ஒருநாள் பேக்டரி வாசல்ல லாரியை நிறுத்தி, சாவியைக் கொடுத்துட்டு, நடந்தே மலையிறங்கினவரு எங்க சாமி. வீட்டுல சொல்லிக்கலை. சம்சாரம் பேச்சியம்மா கொழுந்து பறிச்சு அந்த ஒத்தைப் பொம்பளைப் புள்ளையை ஆளாக்கினாங்க. இது ஊருக்கே தெரியும். அதுக்கப்புறம் இவரு மலைப்பக்கம் திரும்பினதே இல்லை.

சாமி விளக்குத் துடைச்சுக்கிட்டிருந்தாரு. நான் சொன்னதும் தலையாட்டினாரு. அவரு துடைச்சு முடிச்சு, திரி போட்டு வெச்சுட்டு, அப்புறம்தான் எந்திரிச்சாரு.

“போலாம்,” ன்னாரு.

சாகக் கிடக்கிற வீட்டுக்கு ஒரு பொம்பளையும் கூடப் போனா ஒத்தாசையா இருக்கும்னு நானும் புளிச்சோறு கட்டிக்கிட்டுப் பின்னால ஏறிட்டேன். அண்ணன் ஓட்டினாரு. சாமி அவருக்குப் பக்கத்துல.

ஆழியாறு தாண்டிக் கொஞ்சம் வளைவு ஏறியிருப்போம்.

“சாமி, சூடு காட்டற ஊசி மேல போகுது,” ன்னாரு அண்ணன்.

சாமி கை நீண்டு விபூதிப் பைகிட்டப் போச்சு. அங்கயே கொஞ்ச நேரம் நின்னுச்சு. அப்புறம் ஒரு சிட்டிகை எடுத்து நெத்தியில இட்டுக்கிட்டாரு. நானும் எட்டி எடுத்து இட்டுக்கிட்டேன். அண்ணனுக்கும் இட்டுவிட்டேன்.

அடுத்த வளைவுல பானெட்டுக்கு அடியில இருந்து குபுகுபுன்னு ஆவி கிளம்புச்சு. அண்ணன் ஓரங்கட்டி நிறுத்திட்டுக் குதிச்சாரு.

“மூடியைத் திறந்து தண்ணி ஊத்தட்டுங்களா?”

“கை வெந்துரும். ஆறட்டும்.”

ஆற வெச்சோம். தண்ணி ஊத்தினோம். கிளம்பினோம். ரெண்டு வளைவு ஏறலை, மறுபடி ஊசி சிவப்புக்குப் போயிருச்சு. பின்னால வெள்ளைப் புகை. அண்ணன் முகம் செத்துப் போச்சு.

“கேஸ்கட் மறுபடியும் விட்டுருச்சுங்க. இப்ப என்ன பண்றது சாமி?”

“ஆறட்டும்.”

ரோட்டோரக் கட்டைச்சுவத்துல உக்காந்தோம். கீழ அணைத்தண்ணி பளபளன்னு கிடந்துச்சு. போனைப் பாத்தா டவர் இல்லை. அந்த நேரம் பாத்து ஒரு பஸ் உறுமிக்கிட்டு ஏறி வந்துச்சு. நான் சேலையைச் சொருகிக்கிட்டுக் கை காட்ட எந்திரிச்சேன்.

“சாமி, நீங்க இதுல ஏறிக்கோங்க. நாங்க பின்னால வர்றோம்.”

“கூட்டமா இருக்கு ரங்கநாயகி. வண்டி ஆறிரும். உக்காரு.”

எனக்கென்னமோ அப்படி ஒண்ணும் கூட்டமாத் தெரியலை. ஆனா சாமி சொன்னதுக்கு மேல நான் என்ன சொல்றது? பஸ் போயிருச்சு.

அண்ணன் பானெட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு, முறத்தால விசிறாத குறையா முன்னாலயும் பின்னாலயும் நடந்தாரு. நான் பொட்டலத்தைப் பிரிச்சேன். சாமி நிதானமாச் சாப்பிட்டாரு. அதைப் பாத்து எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. கட்டின பொண்டாட்டி சாகக் கிடக்கிறா, மனுசன் துளி பதறலையே, ஞானம்னா இதுதான்டியம்மான்னு நினைச்சேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

இப்படியே நிறுத்தி நிறுத்தி நாங்க மேல போய்ச் சேர்றப்ப பொழுது சாஞ்சிருச்சு.

எஸ்டேட் லயன் வீட்டு வாசல்ல சனம் நின்னுச்சு. பெஞ்சு மேல பேச்சியம்மாவைக் கிடத்தியிருந்தாங்க. நெத்தியில காசு வெச்சு, கட்டைவிரலைக் கட்டி, எல்லாம் ஆயிருந்துச்சு. செல்வக்கனி எந்திரிச்சு வந்துச்சு.

“வாங்க சாமி,” ன்னுச்சு.

அப்பான்னு கூப்பிடலை.

“மத்தியானச் சங்கு ஊதறப்பப் போயிட்டாங்க. காலையில இருந்து காதை வாசல்லயே வெச்சிருந்தாங்க. வண்டிச் சத்தம் கேக்குதா, கீழ வளைவுல கியர் மாத்தற சத்தம் கேக்குதான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. வந்துருவாங்கம்மா, வந்துருவாங்கம்மான்னு நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன்.”

மத்தியானம் நாங்க சுவத்துல உக்காந்து புளிச்சோறு தின்னுக்கிட்டிருந்தோம்.

சென்னியப்பண்ணன் அந்த வாசல்லயே விழுந்துட்டாரு. “என்னாலதான் தாயி, என்னாலதான். சாமி படிச்சுப் படிச்சுச் சொன்னாரு, நான்தான் வண்டியைச் சரியாப் பூட்டலை,” ன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதாரு. அவ்வளவு பெரிய ஆம்பளை அப்படி அழுது நான் பாத்ததில்லை.

“எந்திரிங்கய்யா,” ன்னுச்சு செல்வக்கனி. “வண்டின்னா நிக்கத்தான் செய்யும்.”

சாமி பேச்சியம்மா முகத்துக்கிட்டப் போயி நின்னாரு. குனியலை, தொடலை. பாத்துக்கிட்டே நின்னுட்டு, ஒதுங்கி மத்த ஆம்பளைங்களோட நின்னுக்கிட்டாரு. இருட்டறதுக்குள்ள அடக்கம் பண்ணினாங்க.

மறுநாள் காலையில சாமியும் செல்வக்கனியும் குழிக்குப் பால் ஊத்தப் போயிருந்தாங்க. நானும் அண்ணனும் வண்டிகிட்ட நின்னோம். எஸ்டேட் டிரைவர் தங்கையான்னு ஒருத்தரு வந்து இஞ்சினை எட்டிப் பாத்தாரு.

“கேஸ்கட் போயிருக்கு. எப்பக் கிளம்புனீங்க?”

“விடிஞ்சதும்,” ன்னாரு அண்ணன்.

“விடிஞ்சு கிளம்பி சாயங்காலமா வந்தீங்க? கேஸ்கட் போன வண்டியை நாங்க ஏத்தாததா! ஹீட்டர் இருக்கேய்யா வண்டியில.” உள்ள கையை விட்டு விபூதிப் பையை எடுத்து என் கையில கொடுத்துட்டு, அந்தக் குமிழைத் திருகினாரு. “இதைத் திறந்துவிட்டு, கண்ணாடியை இறக்கிட்டு, மெல்ல உருட்டணும். இஞ்சின் சூடு கொஞ்சம் உள்ள வந்துரும். நடுவுல நடுவுல தண்ணி ஊத்திக்கணும். உக்காந்திருக்கிறவன் வெந்து போவான், வண்டி மேல வந்துரும். அப்புறம் இஞ்சினே கெட்டாலும் கெடட்டும், ஆளு வந்து சேந்துருவாங்கல்ல?”

“எங்களுக்குத் தெரியாதுங்களே,” ன்னாரு அண்ணன்.

“சாமிக்குத் தெரியுமே! மானேஜர் ஜீப்பை ஒருதடவை இப்படித்தான் மேல ஏத்துனாரு. பக்கத்துல நான்தான் கிளீனர். எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவருதானே.”

தங்கையா வண்டியைக் கட்டி இழுக்கக் கயிறு எடுத்துட்டு வர்றேன்னு போயிட்டாரு. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கலை.

சாமி ஈர வேட்டியோட வந்தாரு.

“சாமி,” ன்னாரு அண்ணன். “அந்தக் குமிழ் எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“நேத்தும் தெரியுமா?”

“ஊசி ஏறினப்ப என் கை அதுக்குத்தான் போச்சு. விபூதிக்குப் போகலை.”

“அப்புறம் ஏன் சாமி சொல்லலை?” அண்ணன் சத்தம் போட்டாரு. சாமிகிட்ட அவரு குரல் ஒசந்து கேட்டது அதுதான் முதல் தடவை. “ராத்திரி பூரா நான் செத்துப் பொழைச்சேனே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தத் தாயி உசிரோட பாத்திருப்பாங்களே!”

சாமி கதவைத் திறந்து டிரைவர் சீட்டுல உக்காந்தாரு. ஸ்டியரிங் மேல ரெண்டு கையையும் வெச்சாரு.

“வண்டி நின்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு, சென்னியப்பா.”

“அடப்பாவி மனுசா,” ன்னுட்டேன் நான். வாய் தவறியெல்லாம் இல்லை, மனசறிஞ்சுதான் சொன்னேன். அவரு என்னைப் பாத்துத் தலையாட்டினாரு.

லயன் வீட்டு முன்னால செல்வக்கனி அம்மாவோட பாயை உதறிக் காயப் போட்டுக்கிட்டிருந்துச்சு. சாமி அந்தப் பக்கமே பாத்துக்கிட்டிருந்தாரு.

“ஹெட்டை ஏன் லேத்துக்குக் கொண்டு போகலை நீ?” ன்னு கேட்டாரு.

“அதான் சொன்னேனுங்களே, கண்ணுக்கு நேரா...”

“நெசத்தைச் சொல்லு.”

அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. துண்டால முகத்தைத் துடைச்சாரு.

“கோணல்னு சொல்லிருவாங்களோன்னு பயமா இருந்துச்சு சாமி.”

சாமி ஸ்டியரிங்ல இருந்து கையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டாரு.

“எனக்கும் அதேதான்,” ன்னாரு.