சாம்பலுக்கும் விடுதலை இல்லை

"எனக்கு இனிமே பிறவியே வேண்டாம் தாயே" என்று காலில் விழுந்தார் கோமதிநாயகம்.

அனல்மின் நிலையத்துச் சாம்பல் மேட்டோரம் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் செண்பகவல்லி, உச்சி முதல் பாதம் வரை சாம்பல். சித்தர் என்று நினைத்தவரைக் குற்றம் சொல்ல முடியாது. செண்பகவல்லியோ வேதியியல் ஆராய்ச்சியாளர்.

"எந்திரிங்க அண்ணாச்சி. பிறவி உங்கள என்ன செஞ்சுது?"

"மச்சினன்."

"ம்?"

"ரெண்டு பேருக்கும் ஒரே கடை. ஒரே ஃபேன். அது அவன் பக்கம்தான் திரும்பி நிக்கும். அடுத்த பிறவியிலயும் அவனே வாய்ச்சா? ஒரு வழி சொல்லுங்க. இல்லேன்னா சாயங்காலம் கடைக்குத்தான் போகணும்."

செண்பகவல்லி தன் வேலையைப் பார்த்தார். சாம்பலை அள்ளி, காஸ்டிக் சோடாக் கரைசலில் கலக்கி, மூடிச் சூடேற்றினார். முந்தின நாள் வெந்ததை எடுத்துக் கழுவிக் கழுவி உலர்த்தினார். மாவு மாதிரி இருந்தது.

கோமதிநாயகம் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றிக்குக் கொண்டுபோனார்.

செண்பகவல்லி கையைத் தட்டிவிட்டார். "ஜியோலைட் அண்ணாச்சி. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை உள்ள பூரா. நாத்தத்தைப் புடிச்சு வச்சுக்கும்."

"ஆக, சாம்பலுக்கு விடுதலை குடுத்துட்டீங்க."

"வேலை குடுத்திருக்கேன்."

மதியம் இலை போட்டார். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு. பிறவி வேண்டாதவர் மூன்றாம் முறை சோறு வாங்கினார்.

"அந்த மாவு இனி எங்க போகும்?"

"பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்கு."

"இம்புட்டு வெந்தும் அங்கயா?"

"நாத்தம் அங்கதான இருக்கு."

"நிறைஞ்சப்புறமாவது விட்டுருவீங்கள்லா?"

"எதுக்கு விடணும்? புடிச்சு வச்ச நாத்தம் நல்ல உரம். எடுத்தாந்து செடிக்குப் போடுவேன்."

"என்ன செடி?"

"கத்தரி."

கவளம் பாதி வழியில் நின்றது.

"அப்புறம்?"

"அப்புறம் நீங்க."

"எனக்கு அப்புறம்?"

செண்பகவல்லி எச்சில் கையாலேயே கொட்டகைக்குப் பின்னால் இருந்த கழிப்பறையைக் காட்டினார்.

கோமதிநாயகம் இலையைப் பார்த்தார். கழிப்பறையைப் பார்த்தார். மறுபடி இலையைப் பார்த்தார்.

"இதுலேர்ந்து யாருமே தப்ப முடியாதா?"

"முடியாது."

"என் மச்சினன்?"

"அவரும்தான்."

முதல் முறையாகக் கோமதிநாயகத்தின் முகம் தெளிந்தது. கவளம் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

"கொஞ்சம் குழம்பு தூக்குல ஊத்திக் குடுங்க தாயே. கடையில அவன் தனியா இருப்பான்."