உச்சிக்கம்பில் பத்துப் பேர்

கருவேலங்காட்டு ஓரத்தில், குளத்துக்குப் பக்கத்தில், பத்துக் கோழிகளும் ஒரு சேவலும் ஒரே கூட்டில் குடியிருந்தன. கூட்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு கம்புகள். உச்சிக்கம்பு சேவல் கொண்டையப்பனுக்கு. அது தூங்கினாலும் மார்பை நிமிர்த்திக்கொண்டுதான் தூங்கும்.

கோழிகள் எல்லாம் நல்லவைதான். ஆனால் கூட்டைச் சுத்தம் செய்யச் சொன்னால் மட்டும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கால் நொண்டும். எச்சம் தரையில் குவிந்தது. மழைச்சாரலில் நனைந்து புளித்தது. கண்ணைக் கரிக்கும் நாற்றம் கிளம்பியது.

உடனே கோழிகள் என்ன செய்தன தெரியுமா? ஒரு கம்பு மேலே ஏறிக்கொண்டன. அடுத்த வாரம் நாற்றம் அங்கேயும் வந்தது. இன்னொரு கம்பு ஏறின. இதற்குச் சுத்தம் செய்வது என்று பெயர் வேறு வைத்துக்கொண்டன.

சாம்பி என்ற சாம்பல் நிறக் கோழி மட்டும் ஏறவில்லை. அது தரையில் ஒரு கூடைக்குள் பதினோரு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. பதினெட்டு நாள் ஆகிவிட்டது. குஞ்சு பொரிக்க இன்னும் மூன்றே நாள். ஆனால் நாற்றத்தில் அதன் கண்கள் வீங்கிவிட்டன. மூச்சு இழுத்தது. எழுந்து ஓடினால் முட்டைகள் குளிர்ந்து வீணாகிவிடும். பாவம், அதற்கு அழுகையாக வந்தது.

"அண்ணே, தரையைக் கிளறி இதையெல்லாம் வெளியே தள்ளச் சொல்லுங்க. எனக்குக் கண்ணே தெரியலை" என்றது சாம்பி.

"எனக்கு ஒண்ணும் நாறலையேம்மா. உனக்கு நாறினா நீயும் மேலே ஏறி வந்துடு" என்றது கொண்டையப்பன்.

"நான் ஏறிடுவேன். முட்டைக்கு ஏறத் தெரியாதே, அண்ணே."

கொண்டையப்பன் கொண்டையைச் சிலுப்பிக்கொண்டது. எதற்கும் விவரம் தெரிந்த ஒருவரைக் கேட்டுவிடலாம் என்று, குளத்துச் சேற்றில் கிடந்த உருளையப்பன் என்ற பன்றியை அழைத்து வந்தது. உருளையப்பன் கண்ணை மூடி மூன்று முறை மோந்து பார்த்தது.

"சுத்தமான காத்து. இங்கே எனக்கும் ஒரு இடம் கிடைக்குமா?" என்று ஆசையோடு கேட்டது.

பல் இருந்திருந்தால் கொண்டையப்பனுக்கு வாயெல்லாம் பல்லாகியிருக்கும். நிபுணரே சொல்லிவிட்டார், இனி யாரும் பேசக்கூடாது என்று அறிவித்துவிட்டது.

மறுநாள் காலை நாற்றம் மூன்றாம் கம்புக்கும் வந்துவிட்டது. ஒன்பது கோழிகளும் உச்சிக்கம்புக்கே தாவின. கொண்டையப்பன் எல்லாரையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நெருங்கி உட்காரச் சொன்னது. கடைசியாக வந்த குண்டுக்கோழி ஒரு காலை வைத்தது. கம்பு முனகியது. இன்னொரு காலையும் வைத்தது. மடார்!

பத்துப் பேரும் பொத்துப் பொத்தென்று எச்சக் குவியலில் விழுந்தார்கள். கொண்டையப்பன் தலைகீழாக விழுந்ததில் வால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. இரண்டு கோழிகள் வாலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தன. அது கூவ வாயைத் திறந்தது. இருமல்தான் வந்தது. கண்ணில் நீர் கொட்டியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், இரண்டு சாண் தள்ளி சாம்பி. இத்தனை களேபரத்திலும் கூடையை விட்டு அசையாமல், இறக்கையை விரித்து முட்டைகளை மூடிக்கொண்டிருந்தது.

"இதுலயாம்மா இத்தனை நாளா உட்கார்ந்திருக்கே?" என்றது கொண்டையப்பன்.

சாம்பி கூடைக்குள் குனிந்தது. அலகால் ஒரு முட்டையை மெல்லப் புரட்டிவிட்டது. கொண்டையப்பனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்படியே குனிந்து தரையைக் கிளற ஆரம்பித்தது.

கோழிக்குக் கிளறச் சொல்லியா தரவேண்டும்? மற்றவையும் சேர்ந்துகொண்டன. உச்சி வெயிலுக்குள் ஈரக் குப்பை முழுவதும் வெளியே போய்விட்டது. அதில் உருளையப்பன் புரண்டு புரண்டு நன்றி சொன்னது. கோழிகள் தரையில் காய்ந்த மணலும் உமியும் பரப்பின. அடைத்துக் கிடந்த சன்னலைத் திறந்து காற்று வரவிட்டன. சாம்பியின் மூச்சு சீரானது.

மூன்றாம் நாள் பதினோரு குஞ்சுகளும் பொரிந்தன. முதல் குஞ்சு உமியில் தள்ளாடி நடந்து, நேராகக் கொண்டையப்பனிடம் வந்தது. அதன் காலடியிலேயே எச்சமிட்டது.

எல்லாக் கோழிகளும் கொண்டையப்பனைப் பார்த்தன. அது மேலே அண்ணாந்து பார்க்கவில்லை. காலால் எச்சத்தை வெளியே தள்ளிவிட்டு, அந்த இடத்தில் கொஞ்சம் உமியை இழுத்துப் போட்டது.

நாற்றத்தை விட்டுத் தான் மட்டும் மேலே ஏறிக்கொள்வது சுத்தமாகாது. கீழே நகர முடியாமல் இருப்பவரை நினைத்து, அன்றன்றைய அழுக்கை அன்றே இறங்கி வந்து அள்ளுவதுதான் சுத்தம்.