பாதர் டெஸ்மண்டுக்கு ஒரு தட்டு

மலைமேல் இருந்த அந்த மடத்தில் சமையலறைக்குப் பொறுப்பு பிரதர் தைனேஸ். வயது முப்பத்தாறு. அவரிடம் துறவு பழக வந்த சவரிமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு. திண்டுக்கல்லில் இருபத்திரண்டு வருஷம் பிரியாணி மாஸ்டராக இருந்தவர்.

விடியற்காலை ஜெபம் முடிந்ததும் சவரிமுத்து கேட்டார்.

"பிரதர், வந்து மூணு வருஷமாச்சு. ஜெபம் பண்றேன், தரை துடைக்கிறேன், பாத்திரம் கழுவுறேன். இந்த 'நான்' மட்டும் போகவே மாட்டேங்குது. எப்போ போகும்?"

தைனேஸ் பிரிட்ஜைத் திறந்து, உப்புநீரில் ஒரு வாரமாக ஊறிய மாட்டிறைச்சித் துண்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"இன்னிக்குச் சமையல் நீங்க. பாதர் டெஸ்மண்டுக்கு."

சவரிமுத்துவின் முகம் மாறியது.

பாதர் டெஸ்மண்டுக்குத் தொண்ணூற்றொரு வயது. இளம் வயதில் அயர்லாந்திலிருந்து வந்தவர், திரும்பிப் போகவே இல்லை. இப்போது படுத்த படுக்கை. நாலு நாளாகத் தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை. கஞ்சியைத் துப்பினார். ரசத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்றும் சாப்பிடாவிட்டால் கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"படுக்கையில விழறதுக்கு முன்னாடி இது ஒண்ணைத்தான் கேட்டார்," என்ற தைனேஸ், பாதரின் குரலிலேயே சொல்லிக் காட்டினார். "தைனேஸ்! மாத்துக்கறி, முத்தைக்கோசு. காரம் வேந்தாம். எங்க வீத்ல பண்ற மாதிரி."

சவரிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடங்கியது.

மேசையில் ஸ்லோ குக்கர் இருந்தது. கண்ணாடி மூடி போட்ட மின்சாரச் சட்டி.

"விசில் எங்கே பிரதர்?"

"கிடையாது."

"எவ்வளவு நேரம்?"

"எட்டு மணி நேரம்."

"எட்டா! அதுக்குள்ள நான் மூணு கல்யாணத்துக்கு தம் போட்டு இறக்கிடுவேன்."

"இறக்குவீங்க, மாஸ்டர். வெங்காயத்தை உரிங்க."

இறைச்சி, வெங்காயம், கேரட், உருளைக்கிழங்கு, கொஞ்சம் மிளகு, ஒரு பிரிஞ்சி இலை, தண்ணீர். கோஸ் கடைசி ஒரு மணி நேரத்துக்கு மட்டும். முதலிலேயே போட்டால் கரைந்துவிடும் என்றார் தைனேஸ்.

பன்னிரண்டு மணிக்கு சவரிமுத்து மூடியைத் திறந்து ஒரு சொட்டு நக்கிப் பார்த்தார்.

"பிரதர், இது பத்தியச் சாப்பாடு. நாலு நாள் பட்டினி கிடக்கிற மனுஷன் இதையா தொடுவார்?"

அங்கிப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். அவரே வறுத்து அரைத்த மசாலா.

"ஒரே ஒரு சிட்டிகை. ருசி எங்கேயோ போயிடும்."

"யாருக்கு?"

"சாப்பிடறவங்களுக்குத்தான். திண்டுக்கல்ல வந்து கேளுங்க. ஒரு வாய் வச்சதும் 'இது சவரிமுத்து கை'ம்பாங்க."

தைனேஸ் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சட்டி உங்க பொறுப்பு," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

சவரிமுத்து பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு சிட்டிகை எடுத்தார். கை சட்டிக்கு மேலே போனது. ஆவி விரல்களை நனைத்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் பாதர் இருமினார். வறண்ட, சின்ன இருமல்.

சவரிமுத்து கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு சிட்டிகையைப் பொட்டலத்திலேயே உதிர்த்தார். வாசனைகூட ஒட்டக் கூடாதென்று இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினார். கோஸைப் போட்டு மூடினார்.

ஒரு மணிக்கு இறைச்சியைப் பஞ்சாக மசித்து, சாறு ஊற்றி, மேலே கோஸை வைத்தார். தைனேஸ் திரும்பி வந்ததும் தட்டை அவரிடம் நீட்டினார்.

"நீங்க கொண்டு போங்க பிரதர். எனக்குப் பயமா இருக்கு."

தைனேஸ் பாதரின் அறைக்குள் போனார். சவரிமுத்து கதவுக்கு வெளியே நின்றார்.

அரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. தட்டு காலி.

"சாப்பிட்டாரா!"

"கோஸ் இன்னும் கொஞ்சம் கேட்டார்."

"நல்லா இருக்குன்னாரா?"

"சொல்லல."

"யார் சமைச்சதுன்னாவது..."

"கேக்கல."

சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். காலித் தட்டை வாங்கிக்கொண்டு மெல்லக் கேட்டார்.

"வேற என்னதான் சொன்னார்?"

"'எங்கம்மா ஏன் இன்னும் வெளியவே நிக்கிறா, வந்து பக்கத்துல உட்காரச் சொல்லு'ன்னார்," என்றார் தைனேஸ். "உள்ளே போங்க."