ஹில்டாவுக்குப் போன கடிதங்கள்

“எங்க வீட்டுக்கு வர்ற மருமகளுக்கு நாங்க எழுதக் கூடாதா? இங்கிலீஷ் என்ன அண்ணி, உங்க கான்வென்ட் சொத்தா?” என்று என் பெரிய கொழுந்தன் தாண்டவன் கத்தினான். வார்த்தை மாறாமல் சொல்கிறேன். பின்னால் நின்ற தம்பிகள் வைத்தியும் கண்ணாயிரமும் தலையை ஆட்டினார்கள்.

லண்டனில் என் மகன் கட்டிக்கொண்ட ஹில்டா, முதல் தடவையாக, அதுவும் தனியாக வருகிறாள். எங்கள் ஊருக்கு ஸ்டேஷன் கிடையாது. கிழக்கே குத்தாலம், மேற்கே ஆடுதுறை. எதில் இறங்குவது என்று கேட்டு எழுதியிருந்தாள். குத்தாலம் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் வீட்டு ஆண்கள் எழுதினால்தான் மரியாதையாம்.

“சரி, எழுதித் தொலைங்க. வலது மூலையில விலாசம். அப்புறம் அவ எதிர்ல உட்கார்ந்திருந்தா எப்படிப் பேசுவீங்களோ, அப்படியே எழுதுங்க” என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனேன். என் புத்தியைச் சொல்லணும்.

விலாசம் எழுதினார்கள். ‘ஹவ் ஆர் யூ?’ என்று எழுதினார்கள். நிறுத்திவிட்டார்கள்.

“மேல எழுதுண்ணே” என்றான் கண்ணாயிரம்.

“எப்படிடா? எதிர்ல இருக்கிறவ வாயைத் திறக்கிறதுக்குள்ள நாம பாட்டுக்குப் பேசினா நல்லாவா இருக்கும்?”

நியாயம்தானே! அந்த ஒற்றை வரியை ஒட்டித் தபாலில் போட்டார்கள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. நலமாம். எந்த ஸ்டேஷன் என்று மறுபடி கேட்டிருந்தாள்.

“கேட்டதுக்குப் பதில் எழுதுங்கய்யா!” என்று கத்தினேன்.

மூவரும் கூடி உட்கார்ந்தார்கள்.

“நேர்ல வழி கேட்டா என்ன பண்ணுவோம்?”

“கையை நீட்டிக் காட்டுவோம்.”

தாளில் ஒரு கை வரைந்தார்கள். விரல் கிழக்கே நீண்டிருந்தது. வைத்திக்குத்தான் சந்தேகம் வந்தது.

“அவ லெட்டரைத் திருப்பிப் பிடிச்சா விரல் ஆடுதுறையைக் காட்டுமேண்ணே?”

“சூரியன் உதிக்கிற பக்கம் பார்த்துப் பிடிக்கச் சொல்லு.”

“அங்க சூரியன் வர்றதே அபூர்வமாமே!”

யோசித்து, உறையின் மேல் பெரிய எழுத்தில், ‘வெயில் வந்த பிறகு பிரிக்கவும்’ என்று இங்கிலீஷில் எழுதினார்கள். அதில் ஒரு பிழைகூட இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். இதெல்லாம் தபாலில் சேர்த்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

அங்கே வெயில் வரவில்லை. தந்திதான் வந்தது: வெள்ளிக்கிழமை காலை வருகிறேன், எந்த ஸ்டேஷன்?

தந்தி எங்கள் கையில் கிடைத்ததே வெள்ளிக்கிழமை காலையில்தான். குத்தாலத்துக்கு ஓடினேன். ரயில் வந்தது, போனது. அவள் இல்லை. ஆடுதுறையில் இறங்கியிருப்பாளோ என்று பதறிக்கொண்டு வீடு திரும்பினால், வாசலில் பெட்டியும் கையுமாக, முகமெல்லாம் சிவந்து நிற்கிறாள் என் மருமகள். விசாரித்து விசாரித்து அவளே வந்து சேர்ந்திருக்கிறாள்.

கூடத்தில் மூவரும் ஒரு தாளின் மேல் கவிழ்ந்து கிடந்தார்கள்.

“வந்தவளை வான்னு சொல்லாம என்னய்யா பண்றீங்க?”

“நீங்க சொன்னபடிதான் அண்ணி. எதிர்லயே இருக்கா, இப்பத்தான் எழுத வாகா இருக்கு. விலாசம் முடிச்சாச்சு. வைத்தி, இன்னைக்கு என்ன தேதிடா?”

என் மகன் சொல்லிக் கொடுத்த தமிழில் ஹில்டா மூன்றாவது தடவையாகக் கேட்டாள்: “கொஞ்சம் தண்ணி குடுக்கறீங்களா, மாமா?”