வாய்க்கால் கிளப்புக்கு முப்பது கோச்

நூல் மில்லில் வேலை பார்க்கும் தெய்வானை, வாய்க்கால் கரையில் ஒரு டிரையத்லான் கிளப் ஆரம்பித்தாள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கிற பந்தயம் அது. நாலு பேரில் தொடங்கிய கிளப் முப்பது பேராக வளர்ந்தது. மாவட்ட விளையாட்டுச் சங்கத் தலைவர் சென்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை. தன் பட்டாளத்தோடு கரைக்கே வந்துவிட்டார்.

"கோச் இல்லாத கிளப்புக்குப் போட்டியில இடம் கிடையாது. எங்கேம்மா உன் கோச்? இப்பவே காட்டு, இல்லேன்னா இழுத்து மூடு."

"முப்பது பேர் இருக்காங்கய்யா."

"அப்ப கத்துக்கறவங்க?"

"அதே முப்பது பேருதானுங்க. தெரிஞ்சதைச் சொல்லிக் கொடுத்து, தெரியாததைக் கத்துக்கறோம்."

தலைவர் சிரித்தார். தண்ணீரைக் கண்டாலே நடுங்குவார் என்று ஊரே கேலி செய்த, இப்போது கிளப் ஆட்களோடு நின்ற பால்காரர் மாரப்பனைக் கைகாட்டி, "எங்கே, இவனை மூணையும் முடிக்கச் சொல்லு" என்றார்.

மாரப்பன் எதிர்க்கரைக்கு நீந்தினார். அங்கே நின்ற சைக்கிளில் ஏறிப் பாலம் வழியாகத் திரும்பினார். இறங்கிய வேகத்தில் மதகு வரை ஓடிவிட்டு வந்தார். கரையே கைதட்டியது.

கைதட்டலைக் கேட்டதும் தலைவருக்கு ஆசை வந்துவிட்டது. "சரி, இனிமே இந்தக் கிளப்புக்கும் நானே தலைவர்."

"தாராளமா வாங்கய்யா" என்றாள் தெய்வானை. "நீங்க எதைச் சொல்லிக் கொடுப்பீங்க?"

"நான் தலைமை தாங்குவேன்."

"அது நீச்சலுங்களா, சைக்கிளுங்களா, ஓட்டமுங்களா?"

அவருடைய பட்டாளமே சிரித்துவிட்டது. மாரப்பன் மட்டும் சிரிக்கவில்லை. மறுபடி தண்ணீரில் இறங்கி, தண்ணீரை விட்டு ஓரடி பின்வாங்கிய தலைவரை நோக்கி இரண்டு கையையும் நீட்டினார்.

"பயப்படாம இறங்குங்கய்யா. போன வருசம் நானும் இப்படித்தான் கரையில நின்னேன். மோவாயை நான் பிடிச்சுக்கறேன்."