மடத்துக் குட்டையின் ஜிலேபி மீன்கள்

அன்று மடத்துக் குட்டைக் கரையில் இருந்தவர்கள் மூன்று பேர். குரு அம்பலவாணர். அவரைவிட ஒன்பது வயது மூத்த சீடர் உலகநாதர். சொல்லியனுப்பி வந்திருந்த வலைக்காரி வீராயி.

மூன்று வருடம் முன்பு, சந்தையில் துடித்துக்கொண்டிருந்த ஆறு ஜிலேபி மீன்களை வாங்கி இங்கே விட்டவர் உலகநாதர். அன்றே உயிர்க்கொலை செய்வதில்லை என்று விரதமும் எடுத்துக்கொண்டார். இப்போது கோடை. முழங்கால் தண்ணீர். விடிந்ததிலிருந்து மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அந்த ஆறு பெருகிய பெருக்கத்தில் தண்ணீரே தெரியவில்லை.

“இன்னைக்கு அரிச்சு எடுக்கலேன்னா நாளைக்கு அத்தனையும் செத்து மிதக்கும்” என்றாள் வீராயி. “இந்தத் தண்ணி நாப்பது மீனைத்தான் தாங்கும்.”

உலகநாதர் விறுவிறுவென்று குட்டைக்குள் இறங்கி, வலைக்கு முன்னால் நின்றுகொண்டார்.

“இழுத்தால் என்னையும் சேர்த்து இழுங்கள். எல்லாம் குஞ்சுகள், சுவாமி. விரல் நீளம்கூட இல்லை. வளர விடுங்கள்.”

குரு குனிந்து ஒரு மீனைக் கையால் அள்ளி வீராயியிடம் கொடுத்தார். அவள் அதன் வயிற்றை இலேசாக நீவினாள். மஞ்சள் முட்டைகள் உள்ளங்கையில் வந்து விழுந்தன.

“குஞ்சா இது? பிள்ளை பெத்த கிழவி, சாமி! நெருக்கத்துல வளராம நின்னுபோச்சு. நீரு சோறு போட்டு வளத்தீரா, பட்டினி போட்டு வளத்தீரா?”

உலகநாதர் அந்த முட்டைகளைக் குனிந்து பார்த்தார். குஞ்சு குஞ்சு என்று அவர் கொஞ்சியதெல்லாம் கிழடுகளை.

“என் விரதம், சுவாமி?”

“அதைக் கரையில் வைத்துவிட்டு வலையின் அந்த முனையைப் பிடியும்.”

பிடித்தார். ஆறு முறை இழுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“கண்ணைத் தொறந்து இழும், சாமி! அந்தப் பக்கமா ஓடுது!”

பதினோரு கூடை மீன் ஊருக்குப் போயிற்று.

“எத்தனை மிச்சம் வைத்தீர்?” என்றார் குரு.

“நாற்பத்தொன்று.”

“அவள் சொன்னது நாற்பது.”

“ஒன்று வாய்க்குள் குஞ்சுகளை வைத்துக் காத்துக்கொண்டிருந்தது, சுவாமி. கூடையில் போட மனம் வரவில்லை. குடத்தில் விட்டிருக்கிறேன்.”

“அந்த வாயில் எத்தனை?”

உலகநாதர் குடத்தருகே உட்கார்ந்தார். தாய் துப்பிய குஞ்சுகள் ஓடிக்கொண்டே இருந்தன. மூன்று தடவை விட்டுவிட்டு மறுபடி எண்ணினார்.

“அறுபத்து மூன்று.”

குரு குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உலகநாதரின் இரண்டு கையும் தாமாகவே குடத்தின் வாயை மூடிக்கொண்டன.

“இவற்றை விடட்டுமா?” என்று கேட்டார்.

“விடும். வலையை மட்டும் அவளிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்.”

அன்று குட்டையில் மிஞ்சியவை நூற்று நான்கு.