கிரைண்டருக்கு ஒரு படம்

தூத்துக்குடிப் பாத்திரக்கடையில் மேனேஜர் தங்கப்பழம் வைத்ததுதான் சட்டம். பில் போடும் ரெஜினாவை ஒருநாள் மிரட்டினார்: "பழைய சாப்ட்வேர்ல உள்ள அத்தனை சரக்கையும் சாயங்காலத்துக்குள்ள புதுசுக்கு மாத்திரணும். ஒண்ணு குறைஞ்சாலும் உனக்கு வேலை கிடையாது!"

புது சாப்ட்வேரோ மகா பிடிவாதக்காரி. போட்டோ இல்லாமல் ஒரு கரண்டியைக்கூட உள்ளே விடாது. ரெஜினா குடோன் முழுக்கப் படமெடுத்தாள். மேனேஜர் இருப்பில் காட்டியிருந்த கிரைண்டர்களை மட்டும் காணவே காணோம்.

"சார், உங்களையும் ஒரு படம் எடுத்துக்கவா?"

தங்கப்பழம் மீசையை முறுக்கிப் பல்லெல்லாம் தெரிய நின்றார்.

சாயங்காலம் முதலாளி திரையைப் பார்த்தார். குண்டா, தோசைக்கல், கிரைண்டர்... கிரைண்டருக்கு நேராகத் தங்கப்பழம்!

"என்னம்மா இது?"

"குடோன்ல இல்ல அண்ணாச்சி. சரக்கு எங்க போச்சோ, அந்த இடத்தைப் படம் புடிச்சேன்."

திரையில் தங்கப்பழம் சிரித்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நின்ற நிஜத் தங்கப்பழத்துக்குத்தான் சிரிப்பு வரவில்லை.